பட்டு ஆகுமானது, கட்டாயமானதல்ல



பெருநாள் முடிந்ததோடு ஊரில் கலியாணங்கள் தொடங்கிவிட்டன. கிழமைக்கு இரண்டு மூன்று வீடுகளில் நிக்காஹ். அல்லாஹ் எல்லாத் தம்பதிகளுக்கும் பரக்கத் செய்யட்டும்.

இந்த நாட்களில் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று இருக்கின்றது. "கூறை என்ன விலை?" மாப்பிள்ளை என்ன தொழில், தொழுகை எப்படி என்ற கேள்விகளுக்கு அடுத்ததாக, சில இடங்களில் அவற்றுக்கும் முன்னால், இந்தக் கேள்வி வந்து நிற்கின்றது. கூறை என்றால் பட்டு. பட்டு என்றால் காஞ்சிபுரம். அதற்குக் கீழே எதுவும் கணக்கில் வராது.

இந்தப் பதிவில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். பட்டு நம் பெண்களுக்கு மார்க்கத்தில் ஆகுமானது. அந்த ஆகுமானதை நம் சமூகம் கட்டாயமாக்கி வைத்திருக்கின்றது. இதை மாற்ற வேண்டும், மாற்றவும் முடியும்.

அதற்கு முன்னால் பட்டு எங்கிருந்து வருகின்றது, யார் கையால் வருகின்றது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். விலை மட்டும் தெரிந்த பொருளின் பெறுமதி நமக்குத் தெரிவதில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலையில் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை நாங்கள் படிப்பிக்கின்றோம். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி. பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். பட்டுப்பூச்சியும் அதே வட்டத்தில்தான் வளர்கின்றது. ஆனால் ஒரு வித்தியாசம். கோடிக்கணக்கான பட்டுப்புழுக்களின் வட்டம் மூன்றாவது படியோடு நின்றுவிடுகின்றது. நிறுத்துவது மனிதன்.

எப்படி என்று பாருங்கள். ஒரு தாய்ப்பூச்சி முந்நூறு முதல் ஐந்நூறு வரை முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு எறும்பு அளவுதான் இருக்கும். அதற்கு மல்பெரி இலையை நறுக்கிப் போட வேண்டும். அது வேறு இலைகளில் வளராது. இரவு பகல் என்று பாராமல் தின்னும். நான்கு முறை தோலுரிக்கும். ஏறக்குறைய இருபத்தைந்து நாட்களில் அதன் எடை பத்தாயிரம் மடங்கு கூடிவிடும். அது வாழ்நாளில் தின்னும் இலையின் பெரும் பங்கைக் கடைசி ஒரு கிழமையில்தான் தின்னும். அந்த நாட்களில் புழு வளர்க்கும் வீட்டில் யாரும் சரியாக உறங்குவதில்லை. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாக இலை தின்னும் சத்தம், கூரையில் மழை தூறுவது போலக் கேட்கும்.

பிறகு புழு தின்பதை நிறுத்தும். தலையைத் தூக்கி இடம் தேடும். அதன் உடம்புக்குள் இரண்டு பட்டுச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் திரவம் வாய்க்குக் கீழே இருக்கும் துவாரம் வழியாக வெளியே வந்து காற்றில் இறுகி இழையாகும. இரண்டு இழைகளும் ஒரு பசையால் ஒட்டி ஒன்றாகும். தலையை எட்டுப் போடுவது போல ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாட்களில் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டி முடிக்கும். ஒரு கூட்டில் இருப்பது அறுபடாத ஒரே இழை. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். நம் தலைமுடியை விட எத்தனையோ மடங்கு மெல்லியது.

அந்தக் கூட்டைப் புழு நமக்காகக் கட்டவில்லை. தான் பூச்சியாக மாறும் வரை பாதுகாப்பாகப் படுத்திருக்கக் கட்டிய வீடு அது. விட்டால் பத்துப் பதினைந்து நாட்களில் பூச்சி ஒரு திரவத்தைக் கக்கி, கூட்டின் முனையை இளக்கி, ஓட்டை போட்டு வெளியே வரும். வந்தால் அந்த நீள இழை துண்டு துண்டாகிவிடும். நீள இழைக்குத்தான் விலை. ஆகவே பூச்சி வெளிவருவதற்கு முன்னரே கூட்டை நீராவியிலோ வெப்பக் காற்றிலோ வைத்து உள்ளே இருக்கும் உயிரைக் கொன்றுவிடுவார்கள். அதன் பின் கூட்டைக் கொதிநீரில் போட்டு, பசை இளகியதும் நுனியைத் தேடிப் பிடித்து, எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகளை ஒன்று சேர்த்து நூலாகச் சுற்றுவார்கள்.

முட்டைக்காகச் சில கூடுகளை மட்டும் விட்டுவைப்பார்கள். அவற்றிலிருந்து வரும் பூச்சிக்கும் பறக்கத் தெரியாது. ஐயாயிரம் வருடமளவில் மனிதன் கையில் வளர்ந்து வளர்ந்து அதன் இறக்கை பெயருக்குத்தான் இருக்கின்றது. அது எதையும் தின்னாது. சோடி சேரும், முட்டையிடும், சில நாட்களில் இறந்துவிடும். மனிதன் இலை போடாவிட்டால் இந்த இனமே பூமியில் நிலைக்காது.

ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் கூடுகள் வேண்டும். சாயம் போடுவதற்கு முன் பசையை அவித்து நீக்கும்போது நூலின் எடையில் நாலில் ஒரு பங்கு வரை போய்விடும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அரைக் கிலோப் பட்டு உள்ள ஒரு சாரிக்கு மூவாயிரம் புழுக்களளவில் தேவை. அவை தின்ற இலை நூறு கிலோ அளவில் வரும். ஒரு இரவு நான்கு மணித்தியாலம் உடுத்து, பிறகு அலுமாரிக்குள் போகும் சாரியின் கணக்கு இது.

"இதெல்லாம் பாவமென்றால் ஆடு மாடு அறுப்பதும் பாவமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பட்டு ஹராம் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பெண்களுக்கு அது அனுமதிக்கப்பட்டது. கஃபாவின் கிஸ்வாவே நூற்றுக்கணக்கான கிலோ பட்டால் நெய்யப்படுவது. சுவர்க்கவாசிகளின் ஆடை பட்டு என்று குர்ஆன் சொல்கின்றது. நம் கேள்வி வீண்விரயம் பற்றியது. உழ்ஹிய்யாப் பிராணியை அறுத்து இறைச்சியைக் குப்பையில் போட்டால் நாம் என்ன சொல்வோம்? மூவாயிரம் உயிர்களின் உழைப்பை ஒரு முறை போட்டோவுக்கு நின்றுவிட்டு மடித்து வைப்பதைப் பற்றியும் அப்படி ஒரு தடவை யோசித்துப் பார்க்கச் சொல்கின்றோம்.

இனி மனிதரின் கதைக்கு வருவோம். அது புழுவின் கதையை விடப் பெரிது.

காஞ்சிபுரத்தில் நெய்யும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகாவிலிருந்து போவது. இந்தியாவிலேயே அதிகம் பட்டு நூல் விளையும் மாநிலம் அது. மைசூர்ப் பகுதியில் இந்தத் தொழிலுக்கு வித்திட்டவர் யார் தெரியுமா? திப்பு சுல்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்திலிருந்தும் மஸ்கட் பக்கமிருந்தும் புழுக்களை வரவழைத்து, அவற்றை வளர்க்க ஆட்களை ஏற்பாடு செய்து, மல்பெரி நடவைத்தார். ஒரு பக்கம் ஆங்கிலேயரோடு யுத்தம், மறுபக்கம் புழு வளர்ப்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். இன்று பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் இருக்கும் ராமநகரத்தில் ஆசியாவின் மிகப்பெரிய பட்டுக்கூட்டுச் சந்தைகளில் ஒன்று நடக்கின்றது. கூடுகளை வாங்கி நூல் சுற்றுபவர்களில் பலர் அங்குள்ள முஸ்லிம் குடும்பத்தினர். பனாரஸ் பட்டுக்குப் பெயர்போன வாரணாசியிலும் நெசவாளர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்களே. ஆக, நம் கலியாண வீட்டுப் பட்டுக்குள் நம்மைப் போன்ற எத்தனையோ குடும்பங்களின் வியர்வை இருக்கின்றது.

வியர்வை மட்டுமல்ல. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகா, தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் தேடி எழுதியது. பெற்றோர் வாங்கிய முற்பணக் கடனுக்காகப் பிள்ளைகள் வேலைக்கு நிற்கின்றார்கள். கொதிநீரில் கிடக்கும் கூட்டைக் கையால் தொட்டுத் தொட்டு நூலின் நுனி பிடிக்கின்றார்கள். கை கொப்பளிக்கின்றது, தோல் உரிகின்றது, செத்த புழுவின் நாற்றத்துக்குள் நாள் முழுதும் நிற்கின்றார்கள். தறிக் கிடங்குகளில் வெளிச்சம் குறைந்த இடத்தில் குந்தியிருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் அதில் இருந்தது.

அது இருபது வருடத்துக்கு முந்திய கதை. அதன் பின் தானியங்கி நூற்சுற்று இயந்திரங்கள் வந்திருக்கின்றன. 2016இல் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத் தொழிலில் பாடசாலை நேரம் போக உதவி செய்யலாம் என்று அதிலேயே ஒரு வாசலும் திறந்திருக்கின்றது. பட்டு நெசவு பெரும்பாலும் வீட்டில் நடக்கும் குடும்பத் தொழில் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம். வகுப்பறையில் தினமும் பிள்ளைகளின் கைகளைப் பார்ப்பவர்கள் நாங்கள். மை பட்ட கை, மாங்காய்ப் பால் பட்ட கை, மண் பட்ட கை. கொதிநீர் பட்ட கை எந்தப் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

கூறை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருவது வழக்கம். கேட்க நல்ல வழக்கம். பெண்ணுக்கு ஒரு அன்பளிப்பு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கின்றது? "அவங்க இவ்வளவுக்குக் கூறை எடுத்திருக்காங்க, நாம மாப்பிள்ளைக்கு அதுக்கேத்த மாதிரிச் செய்யணும்" என்று பெண்ணின் வாப்பா கணக்குப் போடத் தொடங்குகின்றார். கூறை விலை கூடக் கூட மறுபக்கச் செலவும் கூடுகின்றது. பிறகு நிக்காஹுக்கு ஒன்று, வலீமாவுக்கு ஒன்று, அடுத்த நாளுக்கு ஒன்று. உம்மாவுக்கு, மாமிக்கு, ராத்தாமாருக்கு, சாச்சிமாருக்கு என்று பட்டியல் நீளுகின்றது. வசதியுள்ள வீட்டுக்கு இது ஒரு சந்தோஷம். கடலை நம்பியும் வயலை நம்பியும் வாழும் வீட்டுக்கு இது ஒரு கடன்.

2022க்குப் பிறகு இந்தச் சுமை இன்னும் பாரமாகிவிட்டது. அந்த வருடம் டொலர் ஒன்று இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதைத் தாண்டியது. பட்டுச் சாரி முழுக்க முழுக்க வெளியிலிருந்து வரும் பொருள். விலை ஏறிய வேகத்துக்குச் சம்பளம் ஏறவில்லை என்பதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் பிறகும் நம் கலியாணப் பேச்சுகளில் "காஞ்சிபுரம்" என்ற சொல் மாறவில்லை. நகையை அடகு வைத்துக் கூறை எடுக்கும் வீடுகள் இருக்கின்றன. ஒரு மகளின் கூறைக் கடன் முடியுமுன் அடுத்த மகளுக்குப் பேச்சு வருகின்றது. இடையில் ஏ.எல். படிக்கும் தம்பியின் ரியூசன் நிற்கின்றது. இந்த இடத்தில்தான் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த விடயம் நேரடியாகத் தெரிகின்றது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு விலை கொடுத்து வாங்குவதெல்லாம் பட்டுத்தானா? சந்தையில் "சில்க்" என்ற பெயரில் வருபவற்றில் நிறைய பொலியெஸ்டரும் ரேயனும். "ஆர்ட் சில்க்", "செமி சில்க்" என்று பெயர்கள் அழகாக இருக்கும். பட்டுப் பூச்சியை அவை பார்த்ததும் இல்லை. மலிவாக விற்றால் பிரச்சினை இல்லை, பட்டின் விலைக்கு விற்பதுதான் ஏமாற்று. இதனால் நாமும் நட்டப்படுகின்றோம், மூன்று கிழமை தறியில் இருந்து உண்மையான பட்டு நெய்த நெசவாளியும் நட்டப்படுகின்றார்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கின்றது. சாரியின் ஓரத்தில் தொங்கும் நூலில் இரண்டு மூன்று எடுத்து நெருப்பில் காட்டுங்கள். பட்டு நம் முடியைப் போல, நகத்தைப் போல புரதத்தால் ஆனது. ஆகவே முடி கருகும் நாற்றம் வரும். நெருப்பை எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். மிச்சமாவது விரலால் நசுக்கினால் பொடியாகும் கரி. பொலியெஸ்டர் என்றால் உருகி, பிளாஸ்டிக் வாடை வந்து, கடினமான மணி போல இறுகும். ரேயனும் பருத்தியும் கடதாசி எரிவது போல எரிந்து சாம்பலாகும். பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். இந்தியாவில் 2004 முதல் அசல் பட்டுக்கு "சில்க் மார்க்" என்ற முத்திரை அட்டை இருக்கின்றது. வாங்கும்போது அதைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது கேட்பதில் வெட்கமில்லை.

இதே சோதனை மாப்பிள்ளைமாருக்கும் தேவை. ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் தடை என்பது எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ். விரல் கணக்கில் ஒரு சிறு கரை இருக்கலாம் என்ற சலுகையும், தோல் சொறிக்காக ஸுபைர் (ரழி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) ஆகிய இருவருக்கும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பட்டணிய அனுமதித்ததும் ஹதீஸ்களில் வருகின்றன. ஆனால் நம் மாப்பிள்ளைமாரின் ஷெர்வானிக்கும் சால்வைக்கும் டைக்கும் எந்த நோயும் காரணமில்லை. கடைக்காரர் "சில்க்" என்றால் அது எந்த சில்க் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பொலியெஸ்டராக இருந்தால் உங்களுக்கு நல்லது. ஒரு விடயத்தில் மட்டும் போலிப் பொருள் பிரயோசனப்படுகின்றது!

இந்தத் தடையில் நமக்கு ஒரு பாடம் இருப்பதாக நாம் நினைக்கின்றோம். வெள்ளிக்கிழமைக்கும், தூதுக் குழுக்களை வரவேற்கவும் ஒரு பட்டாடையை வாங்கிக்கொள்ளலாமே என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னபோது நபியவர்கள் அதை ஏற்கவில்லை. உடையால் மதிப்பு வரும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடம் கொடுக்கப்படவில்லை. ஆண்களுக்கு அந்த எண்ணத்தை மூடிவிட்டு, பெண்களின் கூறை வழியாக அதே எண்ணத்தைக் குடும்பத்துக்குள் கொண்டு வந்தால் என்ன மிச்சம்? கூறை விலையைப் பந்தலில் கிசுகிசுப்பது பெண்களாக இருக்கலாம். பந்தலுக்கு வெளியே அதைப் பெருமையாகச் சொல்வது ஆண்கள்தான்.

"வாழ்க்கையில் ஒரு நாள். மகள் ஆசைப்படுகின்றாள். அதற்கும் கணக்கா?" இதுவும் நியாயமான கேள்விதான். மகள் ஆசைப்பட்டு, வாப்பாவுக்கும் வசதியிருந்தால் தாராளமாக எடுங்கள். அசல் பட்டாக எடுங்கள், பேரம் பேசி நெசவாளியின் கூலியைக் குறைக்காமல் எடுங்கள், அதைப் பத்துத் தடவை உடுத்தச் சொல்லுங்கள். நாம் பேசுவது ஆசைப்படாத மகளைப் பற்றி. "வேணாம் வாப்பா, சும்மா ஒண்டு போதும்" என்று சொல்லும் மகள் நம் ஊரில் எத்தனை பேர்? அவள் சொன்னாலும் மாமி வீடு என்ன நினைக்கும், ஊர் என்ன சொல்லும் என்று அவள் வாயை அடைப்பது யார்? ஆசை அவளுடையதல்ல, ஊருடையது. ஊரின் ஆசைக்கு அவளுடைய வாப்பா கடன்படுகின்றார்.

சரி, என்ன செய்யலாம்? நான்கு விடயங்களை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, கலியாணப் பேச்சில் கூறையின் வகையையும் விலையையும் பேசாமல் விடுவோம். "உங்களுக்கு முடிந்ததை எடுங்க" என்று பெண் வீடு முதலில் சொன்னால் மாப்பிள்ளை வீட்டின் பாதிச் சுமை இறங்கும். "நீங்களும் ஒன்றும் செய்ய வேணாம்" என்று மாப்பிள்ளை வீடு பதில் சொன்னால் மறுபாதியும் இறங்கும். இது காசு செலவில்லாத சீர்திருத்தம்.

இரண்டாவது, நம் கைத்தறியைக் கலியாணத்துக்கு எடுப்போம். மருதமுனைத் தறிகளின் பெயர் நாடெங்கும் தெரியும். அந்தத் தறிகளில் நெய்பவர்களும் நம் மக்கள். பருத்திச் சாரியில் கரையும் முந்தானையும் எவ்வளவு அழகாகப் போடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லி, பெண்ணுக்குப் பிடித்த நிறத்தில் நெய்து வாங்கலாம். பெருநாளைக்கு மட்டும் சாரம் வாங்கப் போகாமல் கலியாணத்துக்கும் அந்தப் படியை மிதிப்போம். பட்டுக்குப் போகும் காசில் ஒரு பகுதி இங்குள்ள ஒரு அடுப்பை எரிக்கும்.

மூன்றாவது, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு கூறைப் பெட்டி வைப்போம். நம் வீடுகளில் ஒரு தடவை, இரண்டு தடவை உடுத்து மடித்து வைத்த பட்டுச் சாரிகள் எத்தனை இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு உண்மை தெரியுமா? பட்டை வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பு வழியே இழை தளர்ந்து கிழியும். சரிகையும் கறுக்கும். பருத்தித் துணியில் சுற்றி, அடிக்கடி மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். சும்மா வைத்துப் பழுதாக்குவதை விட ஒரு ஏழை மகளுக்கு ஒரு இரவு கொடுத்து வாங்குவது அந்தச் சாரிக்கும் நல்லது. மஹல்லாவின் பெண்கள் அமைப்பு ஒன்று பொறுப்பெடுத்தால் போதும். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்ற விபரம் அந்தப் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. இது முக்கியமான நிபந்தனை.

"இரவல் சாரியில் மணப்பெண்ணா?" என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு ஹதீஸைக் கேளுங்கள். புஹாரியில் வருகின்றது. ஆயிஷா (ரழி) அவர்கள் தம் பிற்காலத்தில் ஐந்து திர்ஹம் பெறுமதியான ஒரு முரட்டுத் துணிச் சட்டையை அணிந்திருந்தார்கள். தம் வேலைக்காரப் பெண்ணே இதை வீட்டுக்குள் உடுக்க விரும்புவதில்லை என்று சொல்லிவிட்டு, நபியவர்களின் காலத்தில் இதே போன்ற ஒரு சட்டை தம்மிடம் இருந்ததாகவும், மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்கும்போதெல்லாம் அதைத் தம்மிடம் இரவலாகக் கேட்டனுப்புவார்கள் என்றும் சொன்னார்கள். இமாம் புஹாரி இதை மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது என்ற தலைப்பின் கீழேயே பதிந்திருக்கின்றார்.

நம் உம்முல் முஃமினீனிடம் இருந்த ஒரு சாதாரணச் சட்டை மதீனாவின் மணப்பெண்களுக்குக் கூறையாக வீடு வீடாகப் போயிருக்கின்றது. அந்த மணப்பெண்கள் குறைந்துபோகவில்லை. கொடுத்தவரும் குறைந்துபோகவில்லை. நாம் பின்பற்றச் சொல்லும் சுன்னத்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் நம் ஊரின் எத்தனையோ வாப்பாமாருக்கு உறக்கம் வரும்.

நான்காவது, வீட்டிலும் பாடசாலையிலும் பிள்ளைகளுக்குப் பட்டின் கதையைச் சொல்லிக் கொடுப்போம். புழு ஒரு கேவலமான சொல் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும். "புழு மாதிரி" என்று ஏசுகின்றோம். அந்தப் புழு ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு அறுபடாத இழையைத் தன் உடம்பிலிருந்து எடுக்கின்றது. எந்த ஆலையிலும் அதே மாதிரி ஒன்றை இன்றுவரை செய்ய முடியவில்லை. அல்லாஹ்வின் படைப்பில் அற்பம் என்று ஒன்றில்லை என்பதற்கு இதை விட நல்ல பாடம் கிடைக்குமா? படைப்பை மதிக்கப் பழகிய பிள்ளை, நாளை பொருளையும் வீணாக்காது, அதைச் செய்த மனிதனையும் மறக்காது. "இது என்ன விலை?" என்று கேட்பதோடு "இதை யார் செய்தது?" என்றும் கேட்கும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சீதனத்தைப் பற்றி ஜும்ஆவில் பேசுகின்றீர்கள், ஜஸாகல்லாஹு ஹைரா. சீதனம் வேறு பெயர்களில் வருவதையும் பேசுங்கள். கூறை, அதற்குப் பதில் மரியாதை, அதற்கும் பதில் மரியாதை என்று போகும் இந்தச் சங்கிலியும் அதில் ஒன்று. வசதியுள்ள குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் நீங்கள் மாற வேண்டும். ஏழை வீடு எளிய கூறை எடுத்தால் ஊர் அதை இல்லாமை என்று சொல்லும். உங்கள் வீட்டு மகள் கைத்தறியில் மணப்பெண்ணாக உட்கார்ந்தால் அதை ஊர் அழகு என்று சொல்லும். அந்த ஒரு சொல்லை ஏழை மகளுக்காக நீங்கள் சம்பாதித்துக் கொடுக்கலாம். ஒரு ஸதகா மாதிரி.

கூறைப் பெட்டிக்குத் தம் சாரியைக் கொடுக்க விரும்பும் சகோதரிகளும், பொறுப்பெடுக்கக்கூடிய பெண்கள் அமைப்புகளும் தங்கள் மஹல்லாவில் இன்றே பேசத் தொடங்குங்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் மரியாதையோடு எழுதுங்கள், நாமும் மரியாதையோடு வாசிப்போம். அடுத்த பெருநாளைக்கு முன் ஒரு மஹல்லாவிலாவது ஒரு பெட்டி திறந்தால், ஒரு வாப்பாவின் ஒரு கடனாவது குறையும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கலியாணங்களை இலேசாக்கி, பரக்கத் நிறைந்ததாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.